தங்க எழுத்து, வெள்ளி எழுத்து: எந்த வேலைக்கு எந்த வழி?

கல்யாணப் பத்திரிகை, நகைக்கடை விளம்பரம், கும்பாபிஷேக பேனர், யூடியூப் தம்ப்நெயில். எதுவாக இருந்தாலும் டிசைன் செய்பவரிடம் வரும் கோரிக்கை ஒன்றுதான்: "தலைப்பு மட்டும் கோல்டுல வேணும்." சில சமயம் கூடவே, "பொண்ணு பேரு கோல்டு, மாப்பிள்ளை பேரு சில்வர், முடியுமா?" முடியும். கோரல் டிராவில் முடியும், ஃபோட்டோஷாப்பில் முடியும், காசு கொடுக்காமல் கிம்பிலும் பிளெண்டரிலும் முடியும், கையில் இருக்கும் போனிலும் முடியும். ஆனால் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் தங்கம் வேறு வேறு. பத்திரிகைக்குச் சரியாக இருப்பது பேனரில் பல்லிளிக்கும். பேனருக்கு ஏற்றது பத்திரிகையின் சின்ன எழுத்தில் சேறாகிவிடும்.

வழிகளை ஒப்பிடும் முன், உலோகம் ஏன் உலோகமாகத் தெரிகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். சுவரில் அடித்த மஞ்சள் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியைச் சிதறடித்துத் தன் நிறத்தைக் காட்டுகிறது. உலோகம் அப்படிச் செய்வதில்லை. எதிரே இருப்பதை அது பிரதிபலிக்கிறது. திருப்பி அனுப்பும்போது தன் சாயலை ஏற்றிவிடுகிறது. தங்கம் நீல ஒளியில் பெரும்பங்கை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்புகிறது. வெள்ளி ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பிவிடுகிறது. துலக்கி வைத்த பித்தளைக் குத்துவிளக்கின் தண்டை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சக் கோடு, அதை ஒட்டியே கிட்டத்தட்டக் கறுப்பாக ஒரு பட்டை, அப்புறம் மறுபடி வெளிச்சம். ஜன்னலும் இருட்டு மூலையும் அதில் அடுத்தடுத்து விழுந்திருக்கின்றன. பித்தளைதான் என்று கண்ணுக்குச் சொல்வது அந்தக் கறுப்புப் பட்டை.

இதனால்தான் மஞ்சளை எவ்வளவு கூட்டினாலும் தங்கம் வருவதில்லை, சாம்பலை எவ்வளவு குறைத்தாலும் வெள்ளி வருவதில்லை. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் முதலில் இந்தக் கேள்வியால்தான் அளப்பேன்: எழுத்தில் எதையாவது பிரதிபலிக்கும் தோற்றம் கிடைக்கிறதா? மற்றவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இருப்பதிலேயே எளிது கிரேடியன்ட், அதாவது ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் நிரப்பு. பல அச்சகங்களில் இன்றும் கோரல் டிராதான் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஃபவுன்டன் ஃபில் போட்டால் வேலை முடிந்தது. இணையத்தில் நெடுநாளாகச் சுற்றிவரும் ஒரு தங்கக் கலவை இது: 191, 149, 63 என்ற மங்கல் தங்கத்தில் தொடங்கி, 252, 246, 186 என்ற வெளிர் மஞ்சளுக்கு ஏறி, 179, 135, 40-க்கு இறங்கி, மறுபடி 251, 245, 183-க்கு ஏறி, 170, 119, 28-இல் முடியும். எண்கள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். இரண்டு முறை ஏறி இறங்குவதில்தான் சூட்சுமம். ஒரே ஏற்றமாக வைத்தால் மாம்பழ நிறம்தான் மிஞ்சும்.

கிரேடியன்ட் எழுத்துக்குப் பருமன் கிடையாது. தகட்டில் வெட்டி எடுத்தது போலத்தான் இருக்கும். அது குறை என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன எழுத்துக்கு அதுவே நல்லது. பத்திரிகையில் "இப்படிக்கு" என்று வரும் வரி, லோகோவுக்குக் கீழே ஊர்ப் பெயர் போன்ற இடங்களில் பெவல் (விளிம்பைச் சரித்துப் பருமன் காட்டுவது) போட்டால் எழுத்தே படிக்க முடியாது. முப்பது பிக்சல் உயர எழுத்துக்குக் கிரேடியன்டைத் தாண்டி எதுவும் வேண்டாம். கோரலில் செய்தால் வெக்டராகவே (புள்ளிகளால் அல்லாமல் கோடுகளின் கணக்காக) இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்பது கூடுதல் லாபம்.

இதன் பங்காளி டெக்ஸ்சர் முறை. ஜிகினாத் தாள் அல்லது தங்கத் தகட்டின் புகைப்படத்தை எழுத்துக்கு மேல் லேயராக வைத்து, கிளிப்பிங் மாஸ்க் போடுவது, அதாவது எழுத்தின் வடிவத்துக்குள் மட்டும் படம் தெரியும்படி செய்வது. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் தங்க ரேக்கின் சுருக்கமும் நெளிவும் வேண்டுமானால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் புகைப்படத்தில் இருக்கும் சுருக்கத்தின் அளவு எழுத்தின் அளவோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய சுருக்கம் சின்ன எழுத்தில் வெறும் கறையாகத் தெரியும். படத்தின் உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பெரும்பாலோர் கேட்கும் "கோல்டு" இது இரண்டும் அல்ல. பருமனாக, விளிம்பு சரிந்து, வெளிச்சம் ஓடும் எழுத்து. அதற்கு ஃபோட்டோஷாப்பின் லேயர் ஸ்டைல்தான் (எழுத்தின் மேல் பெவல், நிழல் போன்ற விளைவுகளைப் பூசும் வசதி) முதல் வழி. என் கணக்கில் பத்து வேலையில் ஏழு எட்டை இதிலேயே முடித்துவிடலாம். எழுத்து எழுத்தாகவே இருக்கும்; கடைசி நிமிஷத்தில் மாப்பிள்ளை பெயரில் இன்ஷியல் மாறினாலும் தட்டச்சு செய்தால் போதும், தங்கம் தானாகப் பூசிக்கொள்ளும்.

எழுத்தின் உயரம் சுமார் 400 பிக்சல், கோட்டின் தடிமன் 50 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். பெவல் அண்டு எம்போஸில் ஸ்டைல் இன்னர் பெவல், டெக்னிக் சிசல் ஹார்டு. சைஸை 25-க்குக் கொண்டுபோனால் இரண்டு பக்கச் சரிவும் கோட்டின் நடுவில் சந்தித்து ஒரு கூர்முகடு எழும். 15-இல் நிறுத்தினால் மேலே தட்டையாக ஒரு பட்டை மிஞ்சும். ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். தமிழில் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கோடு மெலிந்தும் தடித்தும் வரும் ஃபான்ட் என்றால் ஒரே எழுத்தில் பாதி கூர்முகடாகவும் பாதி தட்டையாகவும் வரும். மெய்யெழுத்தின் புள்ளி வேறு: அதன் ஆரத்தைவிட பெவல் சைஸ் பெரிதானால் புள்ளி கூம்பாகிவிடும், பக்கத்து எழுத்தோடு ஒட்டாது. ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகளுக்கு எதிரி ஸ்ட்ரோக், அதாவது எழுத்தைச் சுற்றிப் போடும் விளிம்புக் கோடு. அவுட்சைடில் ஆறு பிக்சல் வைத்தால் சுழியின் உள்வெளி அடைபட்டுப் போகும். ஸ்ட்ரோக் வேண்டுமென்றால் இன்சைடில் வையுங்கள். கோடு ஒரே தடிமனாக ஓடும் பலூ தம்பி, முக்தா மலர் போன்ற ஃபான்ட்களின் தடித்த வடிவங்கள் பெவலுக்கு நன்றாக அடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் எழுத்து மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும். பெவல் தருவது ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், அவ்வளவே. உலோகம் பிறப்பது கிளாஸ் கான்டூர் என்ற சின்னக் கட்டத்தில். அங்கே ரிங் அல்லது டபுள் ரிங்கைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஒற்றைச் சரிவு மடங்கி, வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம் என்று பட்டை பட்டையாகப் பிரிகிறது. குத்துவிளக்கில் பார்த்த அதே கறுப்புப் பட்டை. எதிரே இல்லாத ஓர் அறையை எழுத்தில் பிரதிபலிக்க வைக்கிறது இந்தக் கான்டூர். பக்கத்திலேயே உள்ள ஆன்ட்டி-அலியாஸ்டு கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பட்டைகளின் ஓரம் ரம்பப் பல்லாகத் தெரியும்.

நிழலின் நிறத்தையும் மாற்ற வேண்டும். இயல்பாக வரும் கறுப்புக்குப் பதில் தங்கத்துக்கு அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம், வெளிச்சத்துக்கு வெள்ளைக்குப் பதில் வெளிர் மஞ்சள். தங்கம் தங்கத்தையே பிரதிபலிக்கும் பள்ளங்களில் ஒளி இரண்டு மூன்று முறை மோதித் திரும்புகிறது. ஒவ்வொரு மோதலிலும் நீலம் இன்னும் கழிகிறது. அதனால்தான் தங்க நகையின் செதுக்கு வேலைக்குள் நிறம் சிவந்து தெரிகிறது. பழுப்பு நிழல் இந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்துவிடும்.

வெள்ளிக்கு வருவோம். வெள்ளி என்றதும் எல்லோரும் நீலச் சாயலைக் கலக்கிறார்கள். கிடைப்பது எவர்சில்வர். உண்மையான வெள்ளி மிக லேசாக இளஞ்சூடான வெண்மை கொண்டது. முப்பரிமாண மென்பொருள்களில் வெள்ளிக்குப் பயன்படுத்தும் மதிப்பே சிவப்பு 0.972, பச்சை 0.960, நீலம் 0.915 (முழு அளவு 1), நீலம்தான் குறைவு. வெள்ளிக் குங்குமச் சிமிழையும் எவர்சில்வர் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆகவே வெளிச்சப் பகுதியில் நீலம் வேண்டாம். நிழலில் கொஞ்சம் இருக்கலாம். அது வானத்தின் பிரதிபலிப்பாகத் தோன்றும். இன்னொன்று, தங்கத்தில் நிறம் பாதி வேலையைச் செய்துவிடும். வெள்ளிக்கு அந்த உதவி இல்லை. எனவே கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள இடைவெளியைத் தங்கத்தில் வைப்பதைவிடக் கூட்டித்தான் ஆக வேண்டும். நடுச் சாம்பல் அதிகமானால் சிமெண்டாகிவிடும்.

லேயர் ஸ்டைலில் ஒரு தொல்லை உண்டு. எழுத்தை ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் பெரிதாக்கினால் ஸ்டைல் கூடவே பெரிதாகாது. 15 பிக்சல் பெவல் 15-லேயே நிற்கும். போஸ்டரை ஸ்டேட்டஸ் அளவுக்குச் சுருக்கும்போது தங்கம் திடீரென்று கரடுமுரடாவது இதனால்தான். ஸ்கேல் எஃபெக்ட்ஸ் கட்டளையைப் பயன்படுத்தலாம், அல்லது எழுத்தையும் ஸ்டைலையும் ஒரே பொட்டலமாக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டுச் சுருக்கலாம்.

ஃபோட்டோஷாப் சந்தா கட்ட முடியாது என்றால் அடுத்தது ஃபோட்டோபீ. பிரவுசரிலேயே ஓடுகிறது, ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கிறது, மேலே சொன்ன பெவல், கான்டூர், கிரேடியன்ட் ஓவர்லே எல்லாம் ஏறக்குறைய அதே இடத்தில் அதே பெயரில் இருக்கின்றன. ஓரத்தில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான். ஸ்டேட்டஸ் படம், தம்ப்நெயில் அளவுக்கு இது தாராளம். பத்தடிப் பேனரை நூறு லேயரோடு திறந்தால் பிரவுசர் திணறும். அங்கேதான் காசு கொடுத்த மென்பொருள் தன் விலையை நியாயப்படுத்துகிறது. மாதம் இரண்டு மூன்று படம் மட்டும் செய்பவர் சந்தா கட்டத் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கிம்ப் வேறு ரகம். இலவசம், தமிழை ஒழுங்காகக் கோக்கும் (கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும்), கம்ப்யூட்டரிலேயே இருக்கும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களைப் பின்னால் திருத்தும் வசதியும் வந்துவிட்டது. ஆனாலும் ஃபோட்டோஷாப்பின் ஒரே ஜன்னலில் நடப்பதை இங்கே படிப்படியாகக் கட்ட வேண்டும்: எழுத்தின் வடிவத்தைக் கறுப்பு வெள்ளையாக எடுத்து, காஸியன் பிளரால் மங்கலாக்கி, அதை பம்ப் மேப்பாக (மேடு பள்ளத்தைச் சொல்லும் படமாக) கொடுத்து மேடு எழுப்பி, கர்வ்ஸில் அலை அலையாகக் கோட்டை வளைத்து (ரிங் கான்டூர் செய்த வேலையை இங்கே கையால் செய்கிறோம்), கடைசியில் கிரேடியன்ட் மேப்பால் நிறம் ஏற்ற வேண்டும். கோல்டன் என்ற கிரேடியன்ட் கூடவே வருகிறது. மெட்டாலிக் சம்திங் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், என்ன உலோகம் என்று அவர்களுக்கே தெரியவில்லை போல.

கிம்பில் பலரும் பாதியில் விட்டுவிடுவது சரிவில் படிக்கட்டு படிக்கட்டாகக் கோடுகள் விழும்போதுதான். காரணம் எளிது: 8 பிட்டில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 256 படிதான். அலைக் கர்வ் ஒவ்வொரு படியையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். வேலையைத் தொடங்கும்போதே படத்தின் பிரிசிஷனை 16 அல்லது 32 பிட்டுக்கு மாற்றிவிட்டால் இந்தக் கோடுகள் வராது. பொறுமை உள்ளவருக்கு கிம்ப் நல்ல கட்டுப்பாட்டைத் தரும். நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டிய வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இனி பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். இதுவரை சொன்னதெல்லாம் பிரதிபலிப்பைப் போலச் செய்வது. இங்கே பிரதிபலிப்பு நிஜமாகவே கணக்கிடப்படுகிறது. எழுத்துக்குத் தடிமன் கொடுத்து, விளிம்பில் பெவல் வைத்து, பொருளின் தன்மையைச் சொல்லும் பிரின்சிபிள்டு ஷேடரில் மெட்டாலிக்கை 1 ஆக்கி, ரஃப்னஸை (சொரசொரப்பை) 0.15 பக்கம் வைத்து, தங்கத்தின் நிறத்துக்கு 1.0, 0.766, 0.336 என்று கொடுத்தால் போதும். கொடுத்துவிட்டு ரெண்டர் செய்தால் பலருக்கு அதிர்ச்சி: அழுக்குப் பழுப்பில் ஏதோ ஒன்று வருகிறது. சுற்றிலும் வெறும் சாம்பல் வெளிதான் இருக்கிறது. பிரதிபலிக்க ஒன்றுமில்லாத தங்கம் அப்படித்தான் இருக்கும். பாலி ஹேவன் தளத்திலிருந்து ஸ்டூடியோ விளக்குகள் உள்ள ஓர் எச்டிஆர்ஐ படத்தை (சுற்றுப்புற வெளிச்சத்தைப் பதிந்த படம்) எடுத்து, பிளெண்டரின் சுற்றுப்புற அமைப்பான வேர்ல்டில் போட்டதும் அதே எழுத்து உயிர் பெறுகிறது. எச்டிஆர்ஐ படத்தைச் சுழற்றினால் வெளிச்சம் எழுத்தின் மேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில் நிறுத்தலாம். லேயர் ஸ்டைலில் இந்தச் சுகம் கிடையாது.

தமிழுக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை. நான் பார்த்த பதிப்புகளில் பிளெண்டரின் டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் தமிழை ஒழுங்காகக் கோப்பதில்லை. "கொ" என்று அடித்தால் கொம்பும் காலும் தத்தம் இடத்துக்குப் போகாமல் தனியே நிற்கும். சுற்றுவழி உண்டு: இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, பாத்தாக (வெறும் வடிவக் கோடாக) மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பகுதிகளை யூனியன் கொடுத்து இணைத்து, எஸ்விஜியாகச் சேமித்து, பிளெண்டரில் இறக்குவது. யூனியன் கொடுக்காமல் விட்டால் எழுத்தின் பாகங்கள் சேரும் இடத்தில் ஓட்டை விழலாம். இப்படி இறக்கிய பின் எழுத்தைத் திருத்த முடியாது. பெயர் மாறினால் முதலிலிருந்துதான். ஆகவே எழுத்து சாய்ந்து நிற்க வேண்டும், வீடியோவில் சுழல வேண்டும், நகைக்கடையின் பெரிய விளம்பரத்தில் பக்கத்திலிருக்கும் நிஜ நகைப் புகைப்படத்தோடு போட்டி போட வேண்டும் என்றால் மட்டும் பிளெண்டர். நேராக நிற்கும் ஒரு தலைப்புக்காக அங்கே போவது வீண். முன்பெல்லாம் ஃபோட்டோஷாப்புக்குள்ளேயே முப்பரிமாண வசதி இருந்தது. அடோபி 2021-லிருந்து அதைக் கைவிட்டுவிட்டதால், பழைய வீடியோக்களைப் பார்த்து அந்த மெனுவைத் தேட வேண்டாம்.

கோக்கும் பிரச்சினை ஃபோட்டோஷாப்பிலும் ஒரு காலத்தில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் சரியாக வரும். அது தெரியாமல்தான் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய ஃபான்ட்களையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பு வேலைக்கு அதில் பாவமில்லை, அழகான தலைப்பு எழுத்துகள் பல அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

போனில் செய்வதென்றால் பிக்சல்லேப் போன்ற செயலிகளில் கிரேடியன்ட், டெக்ஸ்சர், எம்போஸ் மூன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாழ்த்துக்குப் போதும். ஏஐயிடம் "தங்க எழுத்தில் எழுதிக்கொடு" என்று கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. பளபளப்பு அற்புதமாக வருகிறது, ஆனால் தமிழ் எழுத்தின் சுழியும் கொம்பும் பல நேரம் கண்டபடி திரிகின்றன. பின்னணிக்கு அதை எடுத்துக்கொண்டு எழுத்தை நீங்களே போடுங்கள்.

கடைசியாக, படம் எங்கே போகிறது என்பது. இது முன்னே சொன்ன எல்லாத் தீர்ப்புகளையும் மாற்றக்கூடியது. திரைக்கு மட்டும் என்றால் லேயர் ஸ்டைலோ பிளெண்டரோ, மனம்போல. ஃபிளெக்ஸ் பேனரைத் தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். நுணுக்கமான பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். அதற்கு அகலமான பெவல், இரண்டே பட்டை, நல்ல கறுப்பு அல்லது அடர் சிவப்புப் பின்னணி. வெள்ளைப் பின்னணியில் வெள்ளி எழுத்து கேட்டால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

தாளில் நாலு கலர் ஆஃப்செட் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். திரையில் ஒளிரும் வெளிர் மஞ்சள் தாளில் வெறும் வெளிர் மஞ்சளாகத்தான் இறங்கும். அச்சின் நாலு மை நிறமுறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிப் பார்த்து, நிழலை இன்னும் ஆழமாக்கி, வெளிச்சத்தைத் தாளின் வெண்மைக்கே விட்டால் ஓரளவு தாங்கும். பளபளப்பு நிஜமாகவே வேண்டுமென்றால் ஐந்தாவது கலராக மெட்டாலிக் மை அடிக்கலாம்; பேன்டோன் வரிசையில் 871 தங்கம், 877 வெள்ளி. மையில் மினுமினுப்பு இருக்கும், கண்ணாடிப் பளபளப்பு இருக்காது.

கல்யாணப் பத்திரிகைக்கு என் ஓட்டு எப்போதும் ஃபாயிலுக்குத்தான். சூடான பிளாக்கை வைத்து தாளில் அழுத்திய அந்த மெல்லிய உலோகத் தாள், பத்திரிகையைக் கையில் பிடித்திருப்பவரின் விளக்கையே பிரதிபலிக்கிறது. எந்த மென்பொருளும் அதற்கு ஈடாகாது. கொஞ்சம் கூடுதல் செலவு, பிளாக்குக்குத் தனிக் காசு. ஆயிரம் பத்திரிகை அடிப்பவருக்கு அது தலைக்குச் சில்லறைதான், ஐம்பது அடிப்பவருக்குக் கட்டாது. ஃபாயிலுக்கான ஃபைலில் கிரேடியன்டோ பெவலோ நிழலோ எதுவும் இருக்கக் கூடாது: நூறு சதவீதக் கறுப்பில், வெக்டராக, தனி லேயரில் எழுத்து மட்டும். மயிரிழைக் கோடுகள் அறுபடும், நெருங்கிய சுழிகள் அடைபடும் என்பதால் கொஞ்சம் தடித்த, உள்வெளி அகன்ற ஃபான்டாகப் பாருங்கள். வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் காட்ட லேயர் ஸ்டைல் தங்கத்தோடு ஒரு படம் தனியாக வைத்துக்கொள்ளலாம்; அச்சகத்துக்குப் போகும் ஃபோல்டரில் அது தப்பித்தவறியும் இருக்க வேண்டாம்.